இந்தியாவில் ஓடிய சுசுகி அமெரிக்காவில் ஏன் கடையைக் கட்டியது? நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். இந்த முறை ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு கொஞ்சம் விரிவாகப் பேசுகிறேன். சேலத்திலிருந்து ஒரு நேயர் கேட்டிருக்கிறார். அப்படியே படிக்கிறேன்: "சார், நம் ஊர் ரோட்டில் பத்துக் கார் போனால் அதில் நாலு மாருதி சுசுகி. விலையும் கம்மி, மைலேஜும் நன்றாகக் கொடுக்கிறது. அப்படிப்பட்ட கம்பெனி அமெரிக்காவில் கடையை மூடிவிட்டது, சீனாவை விட்டும் வந்துவிட்டது என்கிறார்கள். விலை குறைந்த காரை எந்த நாட்டுக்காரன் வேண்டாம் என்பான்? அங்கே ஏன் ஓடவில்லை?"

நல்ல கேள்வி. ஆனால் இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுசுகிக்கு இந்தியாவும் வெளிநாடுதான். அது ஜப்பானில் ஹமாமட்சு என்ற ஊரில் பிறந்த கம்பெனி. சேலத்துக்காரருக்கு இது பிடிக்கும்: 1909இல் மிச்சியோ சுசுகி தொடங்கியபோது அது தறி செய்கிற கம்பெனி. கார் எல்லாம் 1955இல்தான் வந்தது. வெளிநாடு என்றாலே தடுமாறுகிற கம்பெனி என்றால் இந்தியாவிலும் தடுமாறியிருக்க வேண்டும். இங்கே நாற்பது வருடமாக முதலிடத்தில் இருக்கிறார்கள். பாகிஸ்தானில் சுசுகி உண்டு, ஹங்கேரியில் சொந்தத் தொழிற்சாலையே உண்டு. எனவே கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். ஒரே கம்பெனி, ஏறத்தாழ ஒரே மாதிரி கார்கள், ஒரு வெளிநாட்டில் ஓடுகின்றன, இன்னொரு வெளிநாட்டில் படுத்துவிடுகின்றன. ஏன்?

முதலில் அவர்களுடைய சொந்த ஊரைப் பார்க்கலாம். ஜப்பானில் 'கேய்' என்று ஒரு வகைக் கார் உண்டு. நீளம் 3.4 மீட்டருக்குள், அகலம் 1.48 மீட்டருக்குள், எஞ்சின் 660 சிசிக்குள் இருக்க வேண்டும். இந்த அளவுக்குள் கார் செய்தால் வருட வரி குறைவு. ஜப்பானில் கார் வாங்குபவர், நிறுத்த இடம் இருக்கிறது என்று போலீஸிடம் முன்கூட்டியே சான்றிதழ் வாங்கிக் காட்ட வேண்டும். கேய் காருக்குப் பல ஊர்களில் அந்தத் தொல்லை கிடையாது. நம்பர் பிளேட்டே மஞ்சள் நிறத்தில் தனியாக இருக்கும். அங்கே விற்கிற புதுக் கார்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்த வகைதான். ஆக, சுசுகி பல வருடம் செலவழித்துக் கற்றுக்கொண்ட வித்தை, அந்தச் சின்னப் பெட்டிக்குள் நாலு பேரை உட்காரவைத்து, எடையைக் குறைத்து, பத்துப் பைசாவைக்கூட மிச்சம் பிடிப்பது. அந்த வித்தைக்கு அரசாங்கமே வரிச் சலுகையாகச் சம்பளம் கொடுக்கிறது.

இதே காரை அமெரிக்காவில் இறக்கினால் என்ன ஆகும்? சின்னக் காருக்கு என்று தனிச் சலுகை கிடையாது. பெட்ரோல் மலிவு. ரோடு அகலம். வீட்டு வாசலிலேயே இரண்டு கார் நிறுத்தலாம். ஒரு அடி நீளம் குறைத்ததற்கு அங்கே யாரும் ஒரு டாலர் கூடுதலாகத் தர மாட்டார்கள். ஹமாமட்சுவில் பலமாக இருந்தது, கலிஃபோர்னியாவில் வெறும் 'சின்னக் கார்' ஆகிவிடுகிறது.

இப்போது இந்தியா. 1982 அக்டோபரில் ஒப்பந்தம் போடுகிறார்கள். அப்போது நம்மிடம் என்ன இருந்தது? அம்பாசடர், பிரீமியர் பத்மினி. அதற்கும் பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இறக்குமதிக்குக் கதவு அடைப்பு. பெரிய கம்பெனிகள் அக்கறை காட்டாத நேரத்தில் சுசுகி வந்தது, அதுவும் 26 சதவீதப் பங்கோடு. மீதி அரசாங்கம். 1983 டிசம்பர் 14ஆம் தேதி முதல் மாருதி 800 சாவியைப் பிரதமர் இந்திரா காந்தி கொடுத்தார். அப்புறம் நடந்ததுதான் முக்கியம். குர்கானைச் சுற்றி நூற்றுக்கணக்கான உதிரிபாகக் கம்பெனிகளை இவர்களே கூட்டுச்சேர்ந்து, பழக்கி வளர்த்தார்கள். சர்வீஸ் சென்டர் சின்னச் சின்ன ஊர்வரை போனது. பத்து வருடத்தில், ஆலமரத்தடியில் ஒர்க் ஷாப் போட்டிருக்கிற மெக்கானிக்குக்கும் 800இன் எஞ்சின் அத்துப்படி ஆகிவிட்டது. கிளட்ச் கேபிள் டவுன் கடையில் கிடைக்கும். ஐந்து வருடம் ஓட்டிவிட்டு விற்றால் நல்ல விலை வரும்.

நாம் மாருதியை மலிவான கார் என்கிறோம். ஷோரூம் விலை மட்டுமா மலிவு? சர்வீஸ் மலிவு, ஸ்பேர் மலிவு, விற்கும்போது கைக்கு வருகிற பணம் அதிகம். இந்த மலிவில் பாதி காரிலேயே கிடையாது. அது நம் ஊரில் இருக்கிறது. காரைக் கப்பலில் ஏற்றலாம். டவுன் கடையில் தொங்குகிற கிளட்ச் கேபிளைக் கூடவே ஏற்ற முடியாது. நான் இன்று சொல்லப்போவது எல்லாம் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

சரி, அமெரிக்காவுக்கு வருவோம். அங்கே சுசுகி கார் விற்கத் தொடங்கியது 1985இல். முதல் வண்டி சாமுராய். இந்தப் பெயர் தெரியாவிட்டாலும் வண்டி உங்களுக்குத் தெரியும். நம் ஊர் போலீஸும் ராணுவமும் ஓட்டிய ஜிப்ஸியின் உடன்பிறப்பு. ஆரம்பத்தில் அமோகமாகப் போனது. ஜீப்பைவிட மலிவு, பார்க்க ஜாலியாக இருக்கும், கல்லூரிப் பையன்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். 1988இல் 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' என்ற நுகர்வோர் பத்திரிகை இதைச் சோதித்துவிட்டு, திடீரென்று திருப்பினால் வண்டி கவிழ்கிறது, ஏற்கத் தகுந்தது அல்ல என்று அறிவித்தது. சக்கரம் தரையை விட்டு எழும்பும் படம் டிவியில் ஓடியது. விற்பனை அதலபாதாளம். அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு, வண்டியைத் திரும்பப் பெறச் சொல்லும் மனுவை ஏற்கவில்லை. சுசுகி 1996இல் அந்தப் பத்திரிகைமேல் வழக்குப் போட்டது, 2004இல் சமரசம் ஆனது. ஆனால் நடுவில் போன வருடங்கள் போனவைதான்.

இதில் யார் சரி, யார் தப்பு என்பதற்குள் நான் போகவில்லை. அந்த மாதிரி உயரமான, குட்டை வீல்பேஸ் (முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் உள்ள தூரம்) வண்டி எதுவானாலும் வேகத்தில் வெடுக்கென்று திருப்பினால் ஆபத்துதான். நான் சொல்ல வருவது வேறு. ஒரு பெரிய கம்பெனிக்கு இப்படி ஒரு அடி விழுந்தால், அதனிடம் வேறு பத்து மாடல் இருக்கும், பழைய வாடிக்கையாளர் லட்சக்கணக்கில் இருப்பார்கள், 'எங்கள் அப்பா காலத்திலிருந்து இந்த வண்டிதான்' என்று சொல்ல ஆள் இருக்கும். புதிதாக வந்த மலிவுக் கம்பெனிக்கு அது எதுவும் கிடையாது. அதைப் பற்றி மக்களுக்குத் தெரிந்த முதல் செய்தியே 'இது கவிழும்' என்பதுதான். மலிவான பொருள்மேல் எல்லோருக்கும் உள்ளூர ஒரு சந்தேகம் இருக்கும் பாருங்கள், 'இவ்வளவு கம்மியாகத் தருகிறானே, எங்கேயோ கை வைத்திருப்பான்' என்று. ஒரே ஒரு கெட்ட செய்தி வந்தால் போதும், அந்தச் சந்தேகம் உறுதியாகிவிடும்.

அப்புறம் ஒரு வேடிக்கை கேளுங்கள். அதே காலத்தில் சுசுகி செய்த இன்னொரு கார் அமெரிக்காவில் நன்றாகவே விற்றது. ஆனால் சுசுகி என்ற பெயரில் அல்ல. செவர்லே கார்களைச் செய்யும் ஜெனரல் மோட்டார்ஸ் (ஜிஎம்) 1981இலேயே சுசுகியில் கொஞ்சம் பங்கு வாங்கியிருந்தது. சுசுகியின் கல்டஸ் என்ற சின்னக் காரை முதலில் செவர்லே ஸ்பிரிண்ட் என்றும், 1989 முதல் ஜியோ மெட்ரோ என்றும் பெயர் மாற்றி விற்றார்கள். நம் ஊர் மாருதி 1000, எஸ்டீம் எல்லாம் இந்தக் குடும்பம்தான். மெட்ரோவுக்கு மூன்று சிலிண்டர், ஒரு லிட்டர் எஞ்சின். கனடாவில் இன்கர்சால் என்ற ஊரில் இரண்டு கம்பெனியும் சேர்ந்து நடத்திய தொழிற்சாலையில் செய்தார்கள். அதே காரை சுசுகி ஸ்விஃப்ட் என்ற பெயரிலும் அமெரிக்காவில் விற்றார்கள். மெட்ரோ விற்ற எண்ணிக்கையின் பக்கத்தில்கூட ஸ்விஃப்ட் வரவில்லை. கார் ஒன்றுதான். ஆனால் மெட்ரோவுக்கு ஊருக்கு ஊர் செவர்லே ஷோரூம் இருந்தது, கடன் கொடுக்க ஜிஎம்முடைய சொந்த நிதி நிறுவனம் இருந்தது, கெட்டுப்போனால் போய் நிற்க ஒரு இடம் இருந்தது. இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தேவையில்லை.

இங்கே இன்னொரு எதிரி இருக்கிறது. நம் ஊரில் இது அவ்வளவாகத் தெரியாது, இப்போதுதான் தெரியத் தொடங்கியிருக்கிறது. பழைய கார். 2000த்துக்குப் பிறகு சுசுகி அமெரிக்காவில் ஃபோரென்சா என்று ஒரு கார் விற்றது. அது சுசுகி செய்ததே அல்ல, கொரியாவில் ஜிஎம்-தேவூ செய்தது. நம் ஊரில் செவர்லே ஆப்ட்ரா என்று வந்ததே, அதுதான். அமெரிக்காவில் விலை பதினாலாயிரம் டாலர் அளவில் தொடங்கியது. புதுக் காருக்கு அது குறைந்த விலை. ஆனால் கையில் பதினாலாயிரம் டாலர் வைத்திருக்கும் குடும்பம் அங்கே வேறு என்ன வாங்கலாம்? ஓரிரண்டு வருடம் ஓடிய டொயோட்டா கொரோலா வாங்கலாம். ஹோண்டா சிவிக் வாங்கலாம். அதற்கும் வங்கிக் கடன் கிடைக்கும், அதற்கும் வாரண்டி பாக்கி இருக்கும். அதோடு, நாலு வருடம் கழித்து விற்கும்போது கொரோலாவுக்குப் பாதி விலையாவது நிச்சயம். ஃபோரென்சாவுக்கு அந்த நிச்சயம் கிடையாது. சுசுகி எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஏழு வருடம், ஒரு லட்சம் மைல் வாரண்டிகூடக் கொடுத்துப் பார்த்தது.

அதாவது, பணக்கார நாட்டில் மலிவான புதுக் காருக்குப் போட்டி இன்னொரு மலிவான புதுக் கார் அல்ல, நல்ல பேர் எடுத்த பழைய கார். 1983இல் மாருதி 800க்கு அப்படி ஒரு போட்டியே கிடையாது. பழைய அம்பாசடர்தான் இருந்தது. அதற்கும் கிராக்கி!

பழக்க வழக்கமும் ஒரு காரணம். இதற்கு சுசுகியை விட்டுவிட்டு யூகோவைச் சொல்ல வேண்டும். யூகோஸ்லாவியாவில், இன்றைய செர்பியாவில், கிராகுயேவாட்ஸ் என்ற ஊரில் ஜாஸ்தவா என்ற அரசாங்கக் கம்பெனி செய்த கார். 1985இல் அமெரிக்காவுக்கு வந்தது. விலை 3,990 டாலர். அன்றைக்கு அந்த நாட்டில் அதைவிட மலிவான புதுக் கார் கிடையாது. இன்றுவரை அமெரிக்காவில் மட்டமான காருக்கு உதாரணம் சொன்னால் யூகோ பேர்தான் வரும். ஆனால் அதன் எஞ்சின் அடிப்படையில் ஃபியட்டுடையது, ஐரோப்பாவில் லட்சக்கணக்கில் ஓடியது. பிறகு என்ன பிரச்சினை?

பிரச்சினைகள் பல. தயாரிப்புத் தரம் சுமார்தான், அதை மறைப்பதற்கில்லை. ஆனால் ஒன்றை மட்டும் கிட்டே போய்ப் பார்க்கலாம். அந்த எஞ்சினில் டைமிங் பெல்ட் உண்டு. ரப்பர் பெல்ட், கிராங்க் சுற்றும்போது எந்த வால்வு எப்போது திறக்க வேண்டும் என்பதை அதுதான் கட்டுப்படுத்துகிறது. பெல்ட் அறுந்தால் சில எஞ்சின்களில் வண்டி நின்றுவிடும், இழுத்துக்கொண்டுபோய்ப் புதுப் பெல்ட் போட்டால் ஓடும். யூகோ எஞ்சினில் அப்படி இல்லை. பெல்ட் அறுந்த நொடியில் திறந்திருக்கிற வால்வுமேல் பிஸ்டன் வந்து இடிக்கும். வால்வு வளையும். எஞ்சினைப் பிரித்தால்தான் ஆகும், அந்தச் செலவு வண்டி விலையோடு போட்டிபோடும். அதனால் நாற்பதாயிரம் மைலுக்கு ஒருமுறை பெல்ட்டை மாற்றியே தீர வேண்டும். யூகோஸ்லாவியாவில் கார் வைத்திருந்தவர்கள் தங்கள் வண்டியைத் தாங்களே கழற்றி மாட்டத் தெரிந்தவர்கள். அமெரிக்காவில் இதை வாங்கியவர்கள் யார்? கல்லூரி மாணவர்கள், வீட்டுக்கு இரண்டாவது கார் தேவைப்பட்டவர்கள். மிகவும் மலிவான காரை வாங்குபவர் மாதா மாதம் கணக்குப் பார்ப்பவர். அவர் முதலில் தள்ளிப்போடுவது சர்வீஸைத்தான். பெல்ட் அறுந்தது, எஞ்சின் போனது, பேரும் போனது. 1992இல் பொருளாதாரத் தடை வந்தபோது எல்லாம் முடிந்தது.

இப்போது கம்பெனியின் கணக்குப் புத்தகத்துக்குள் போவோம். எந்த நாட்டில் கார் விற்றாலும் அந்த நாட்டுச் சட்டப்படி மோதல் சோதனை, புகைச் சோதனை முடித்துச் சான்று வாங்க வேண்டும். அமெரிக்காவில் 2007 வாக்கில் டயர் காற்றழுத்தத்தைக் காட்டும் கருவி எல்லா காரிலும் கட்டாயம் ஆனது, 2011 வாக்கில் வண்டி சறுக்காமல் காக்கும் எலக்ட்ரானிக் கட்டுப்பாடு கட்டாயம் ஆனது. நல்ல சட்டங்கள்தான். ஆனால் அந்தக் கருவியின் விலை காரின் விலையைப் பார்த்துக் குறையாது. சும்மா ஒரு கணக்குக்குச் சொல்கிறேன்: கப்பல் கூலி, சான்று, கூடுதல் கருவிகள், விளம்பரம் எல்லாம் சேர்ந்து ஒரு காருக்கு ஒரு லட்சம் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது லட்ச ரூபாய்க் காரில் அது தெரியவே தெரியாது. நாலு லட்ச ரூபாய்க் காரில் கால்வாசி விலை ஏறிவிடும். ஏறியபின் அது மலிவான கார் அல்ல, சின்னக் கார் மட்டும்தான்.

ஊரில் சொந்த வீட்டுத் திண்ணையில் மெஸ் நடத்துகிறவர் அறுபது ரூபாய்க்கு அளவில்லாச் சாப்பாடு போடுவார்; வாடகை கிடையாது, சமைப்பது வீட்டு ஆட்கள், காய்கறி பக்கத்துச் சந்தை. அதே ஆள் தி.நகரில் கிளை திறந்தால் அறுபது ரூபாய்க்குப் போட முடியுமா? கைப்பக்குவம் மாறவில்லை, மற்றதெல்லாம் மாறிவிட்டது.

சுசுகி 2007இல் அமெரிக்காவில் ஒரு லட்சத்து ஆயிரத்துச் சொச்சம் கார் விற்றது. அதுதான் உச்சம். அந்த வருடம் அமெரிக்காவில் மொத்தம் விற்றது ஒன்றரைக் கோடிக்கும் மேல். உச்சத்திலேயே நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. அடுத்த வருடம் நிதி நெருக்கடி வந்தது. 2011இல் விற்றது 26,618. இந்த எண்ணிக்கையை வைத்துக்கொண்டு நாடு முழுக்க டிவி விளம்பரம் போட முடியாது. டீலர் நிலைமை இன்னும் மோசம். கடைசியில் இருந்தவர்கள் சுமார் 220 பேர். 26 ஆயிரத்தை 220ஆல் வகுத்துப் பாருங்கள்: ஒரு டீலருக்கு மாதம் பத்துக் கார். பத்துக் காரை நம்பி யார் தனி ஷோரூம் வைப்பார்கள், யார் மெக்கானிக்கைப் பயிற்சிக்கு அனுப்புவார்கள், யார் பம்பரையும் கண்ணாடியையும் வாங்கி அடுக்கி வைப்பார்கள்? ஸ்பேர் வர இரண்டு வாரம் ஆனால் வாடிக்கையாளர் பக்கத்து வீட்டுக்காரரிடம் புலம்புவார். பக்கத்து வீட்டுக்காரர் டொயோட்டா வாங்குவார். அடுத்த வருடம் டீலருக்கு மாதம் எட்டுக் கார். இது ஒரு சுழல், உள்ளே விழுந்தால் எழுந்திருப்பது கஷ்டம்.

இதற்கு மேல் யென். 2007இல் ஒரு டாலருக்குச் சுமார் 120 யென். 2012இல் 80க்கும் கீழே போனது. ஜப்பானில் செய்து அனுப்பிய காரை அதே டாலர் விலைக்கு விற்றால், கைக்கு வருகிற யென்னில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகிறது. டொயோட்டாவும் ஹோண்டாவும் அமெரிக்காவிலேயே தொழிற்சாலை வைத்திருந்ததால் அடியைத் தாங்கினார்கள். சுசுகிக்குக் கனடாத் தொழிற்சாலையில் இருந்த பங்கையும் ஜிஎம்மிடம் விட்டாகிவிட்டது. லாபம் ஏற்கெனவே ஒல்லி. செலாவணி அசைந்தால் நஷ்டம்தான்.

'சரி, மலிவு வேண்டாம், உயர்ந்த கார் செய்வோம்' என்று கிசாஷியைக் கொண்டுவந்தார்கள். 2009 கடைசியில் அமெரிக்காவுக்கு வந்தது. ஓட்டிப் பார்த்த பத்திரிகைக்காரர்கள் பலர் பாராட்டினார்கள். எனக்கும் பிடித்த கார் அது. யாரும் வாங்கவில்லை. அமெரிக்காவில் மட்டுமா? 2011இல் இந்தியாவிலும் பதினாறு லட்சத்துக்கு மேல் விலை வைத்து இறக்கினார்கள், மாருதியின் இவ்வளவு பெரிய படை இருந்தும் நகரவில்லை. மலிவுக்குப் பேர் வாங்கியவர் விலையை ஏற்றினால் சொந்த ஊர்க்காரர்களே நம்ப மாட்டார்கள். 2012 நவம்பரில் அமெரிக்கக் கிளை திவால் மனு போட்டு, கார் விற்பனையை நிறுத்தியது. பைக்கும் படகு எஞ்சினும் தொடர்ந்தன.

சீனாவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அங்கே கதை வேறு. அங்கே சுசுகி சீக்கிரமே போய்விட்டது. 1993இலேயே சாங்கான் என்ற சீனக் கம்பெனியுடன் கூட்டு, ஆல்ட்டோ நன்றாக விற்றது. ஆனால் சீனர்களின் கையில் காசு வந்ததும் பெரிய கார், எஸ்யூவி என்று போய்விட்டார்கள். மலிவான பக்கத்தில் உள்ளூர்க் கம்பெனிகள் இன்னும் மலிவாகக் கொடுத்தன. மேலே போக முடியவில்லை, கீழே இடம் இல்லை. 2018இல் தங்கள் பங்கைப் பேருக்கு ஓரிரு யுவானுக்குக் கூட்டாளியிடமே கொடுத்துவிட்டு வந்துவிட்டார்கள்.

இப்போது நீங்கள் கேட்கலாம்: அப்படியானால் மலிவுக் கார் வெளிநாட்டில் ஜெயித்ததே இல்லையா? ஜெயித்திருக்கிறது. டாசியா. ருமேனியாவின் பழைய அரசாங்கக் கம்பெனி. 1999இல் பிரான்ஸின் ரெனோ கம்பெனி அதை வாங்கியது, 2004இல் லோகன் என்று ஒரு காரைக் கொண்டுவந்தது. ஐயாயிரம் யூரோவில் கார் என்பது இலக்கு. ஏழை நாடுகளுக்கு என்று செய்த கார், பிரான்ஸிலும் ஜெர்மனியிலும் ஓடியது! இன்று டாசியாவின் சாண்டெரோ ஐரோப்பாவில் மிக அதிகமாக விற்கும் கார்களில் ஒன்று. 2024இல் முதலிடமே அதற்குத்தான். எப்படி முடிந்தது? ரெனோவின் பழைய, போட்ட காசை எடுத்து முடித்த எஞ்சின்கள், பாகங்கள். ருமேனியாவிலும் மொராக்கோவிலும் தயாரிப்பு, அங்கிருந்து ஐரோப்பாவுக்குக் கூப்பிடு தூரம். விற்பதற்கு ஏற்கெனவே இருக்கிற ரெனோ ஷோரூம்கள். பழைய காரைப் பார்த்து அலுத்த பென்ஷன்காரர்கள், 'புதுக் கார், வாரண்டியோடு, பழைய கார் விலையில்' என்றதும் வந்தார்கள். அதாவது, சுற்றி இருக்க வேண்டிய எல்லாமே அங்கே முன்கூட்டியே இருந்தது.

அதே லோகன் 2007இல் இந்தியாவுக்கு வந்தது, மஹிந்திராவுடன் சேர்ந்து. ஞாபகம் இருக்கிறதா? டாக்சி ஸ்டாண்டில் பார்த்திருப்பீர்கள். உள்ளே தாராளமான இடம், டீசல் மைலேஜ் பிரமாதம். ஆனால் முந்தைய வருட பட்ஜெட்டில் ஒரு விதி வந்திருந்தது: நாலு மீட்டருக்குள் நீளமும் சின்ன எஞ்சினும் இருந்தால் கலால் வரி 16 சதவீதம், தாண்டினால் 24. லோகன் கிட்டத்தட்ட நாலேகால் மீட்டர். அந்தக் கால் மீட்டருக்காக இங்கே அதன் மலிவு போனது. ஸ்விஃப்ட்டை வெட்டித் தைத்த மாதிரி டிசையரை நாலு மீட்டருக்குள் மாருதி கொண்டுவந்ததே, அது இந்த விதிக்காகத்தான். பார்க்க அழகாக இல்லை என்று எல்லோரும் சொன்னோம். எல்லோரும் வாங்கினோம். ரெனோ 2010இல் அந்தக் கூட்டிலிருந்து விலகியது, லோகன் வெரிட்டோ ஆனது.

நம் ஊர்க் கம்பெனிக்கும் இது நடந்தது. டாடா இண்டிகாவை 2003இல் பிரிட்டனில் எம்ஜி ரோவர் கம்பெனி 'சிட்டி ரோவர்' என்று பெயர் மாற்றி விற்றது. தொடக்க விலை 6,495 பவுண்ட். பிரிட்டனில் அந்தக் காசுக்கு அதைவிட நன்றாகச் செய்த புதுக் கார்கள் கிடைத்தன. இண்டிகாவின் பலம் எல்லாம் நம் ஊரில், அந்த விலைக்கு அவ்வளவு இடம் வேறு எவனும் தராததில் இருந்தது. டிவிக்காரர்கள் கேட்டபோது கம்பெனி ஓட்டிப் பார்க்கக் கார் தரவில்லை. அவர்கள் வாடிக்கையாளர் போல ஷோரூமுக்கே ரகசிய கேமராவோடு போய்விட்டார்கள். மானம் கப்பலேறியது. 2005இல் ரோவரே மூழ்கிவிட்டது.

ஹூண்டாயையும் சொல்லாமல் விட்டால் நீங்கள் கேட்பீர்கள். 1986இல் எக்ஸெல் என்ற காரை 4,995 டாலருக்கு அமெரிக்காவில் இறக்கி, முதல் வருடமே ஒரு லட்சத்து அறுபத்தெட்டாயிரம் விற்றார்கள். இரண்டு மூன்று வருடத்தில் கார்கள் வரிசையாகக் கோளாறாகி, பேர் நாறிப்போனது. மீண்டது எப்படி? விலையைக் குறைத்து அல்ல. 1998இல் பத்து வருடம், ஒரு லட்சம் மைல் வாரண்டி அறிவித்தார்கள், தரத்தில் பணத்தைக் கொட்டினார்கள், 2005இல் அலபாமாவில் தொழிற்சாலை போட்டார்கள். அதாவது மலிவுக் கம்பெனியாக இருப்பதையே விட்டுவிட்டுத்தான் ஜெயித்தார்கள். அதற்கு ஆழமான பாக்கெட் வேண்டும். சுசுகி அந்தப் பணத்தை இந்தியாவில் போட்டது. நான் அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். மாதம் பத்துக் கார் விற்கும் டீலரைத் தூக்கி நிறுத்துவதைவிட, குஜராத்தில் ஒரு தொழிற்சாலை கட்டுவது அவர்களுக்கு நல்ல கணக்கு.

கடைசியாக ஒன்று, இதுவும் கேள்வியோடு சேர்ந்ததுதான். இப்போது மாருதி வருடத்துக்கு மூன்று லட்சம் காருக்கு மேல் ஏற்றுமதி செய்கிறது. அதில் ஐந்து கதவு ஜிம்னியைப் பாருங்கள். குர்கானில் செய்கிறார்கள். நம் ஆட்கள் 'இந்த விலைக்கு இவ்வளவு சின்ன வண்டியா' என்று ஒதுக்கிவிட்டார்கள். அதே வண்டியை 2025 ஜனவரி கடைசியில் ஜப்பானில் ஜிம்னி நோமாட் என்ற பெயரில் அறிவித்தார்கள். மாதம் 1,200 விற்கலாம் என்று நினைத்தார்கள். நாலைந்து நாளில் ஐம்பதாயிரம் ஆர்டர் வந்து, வாங்குவதையே நிறுத்தி வைத்தார்கள். அங்கே ஜிம்னிக்கு ஐம்பது வருடத்துக்கு மேல் பேர், ஊருக்கு ஊர் சுசுகி கடை, குறுகலான மலைப்பாதை, பனி. இந்தியாவில் செய்ததா என்று யாரும் முகம் சுளிக்கவில்லை.

குஜராத்தில் செய்யும் மின்சார ஈ-விட்டாரா ஐரோப்பாவுக்குப் போகிறதே, அது ஓடுமா என்று இன்னொரு நேயரும் கேட்டிருக்கிறார். பிரிட்டனில் அறிமுகமானபோது அதன் விலை முப்பதாயிரம் பவுண்டை ஒட்டித் தொடங்கியது. அந்த விலையில் சீனக் கம்பெனிகள் வரிசையாக நிற்கின்றன. ஆனால் சுசுகிக்கு அங்கே பழைய டீலர்கள் இருக்கிறார்கள், ஸ்விஃப்ட்டும் விட்டாராவும் ஓட்டிப் பழகிய வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அடுத்த காரும் சுசுகியாகவே எடுக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். பெரிய எண்ணிக்கையை நான் எதிர்பார்க்கவில்லை. சரி, பேட்டரி வாரண்டி பற்றி ஒரு கேள்வி இருக்கிறது, அதை அடுத்த வீடியோவில் எடுக்கிறேன்.